ஒயர் இல்லாத மேசை விளக்கு: அடிப்பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

கடந்த சில வருடங்களாக ஒரு சின்ன விளக்கு எல்லா இடத்திலும் தலைகாட்டுகிறது. வீட்டு அலங்காரப் பத்திரிகைகளில், ஹோட்டல் விளம்பரப் படங்களில், மொட்டைமாடி உணவகங்களில். ஒரு சாண் உயரம், காளான் மாதிரி ஒரு குடை, கீழே ஒரு தண்டு. ஒயர் கிடையாது. தொட்டால் எரியும், மறுபடி தொட்டால் கூடும் அல்லது குறையும். போனுக்குப் போடுகிற மாதிரி சார்ஜ் போட்டால் போதும். விலையைக் கேட்டால்தான் திக்கென்று இருக்கும். பெயர்பெற்ற ஐரோப்பிய நிறுவனங்களுடையது என்றால் நூற்றைம்பது, இருநூறு யூரோ என்பதெல்லாம் சாதாரணம்.

இந்த விலைக்கு அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கொஞ்ச நாளாக நோண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த விளக்குகளில் நல்லவை தரும் வெளிச்சம் உண்மையிலேயே நல்ல வெளிச்சம். சமீப காலத்தில் வீட்டுக்குள் வந்த புதுப் பொருட்களில் இந்த அளவுக்கு யோசித்துச் செய்தவை குறைவு. ஆனால் பாதி விளக்கைத்தான் யோசித்துச் செய்திருக்கிறார்கள். மீதிப் பாதி அடிமூடிக்குள் இருக்கிறது. விமர்சனம் எழுதுபவர்கள் குடையோடு நிறுத்திவிடுகிறார்கள், யாரும் விளக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதில்லை.

முதலில் வெளிச்சக் கணக்கு. நம் வீடுகளில் ஹால் என்றால் சுவரில் ஒரு டியூப் லைட். பழைய 36 வாட் டியூப் ஒன்று 2,500 லூமென் தருகிறது என்று வச்சுக்கோங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குத் தரைப்பரப்பு ஏறத்தாழ 11 சதுர மீட்டர். சுவரும் கூரையும் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்று எடுத்துக்கொண்டால், சாப்பிடுகிற தட்டில் விழுவது 110 லக்ஸ் அளவு. இப்போது நம் சின்ன விளக்குக்கு வருவோம். நூறு லூமென், அதாவது எல்இடிக்கு ஏறக்குறைய ஒரு வாட். அதிலும் பாதிதான் மேசைக்கு வந்து சேர்கிறது, இரண்டடி விட்டமுள்ள ஒரு வட்டத்தில் விழுகிறது என்று கொள்வோம். கணக்குப் போட்டால் 170 லக்ஸுக்கு மேல் வருகிறது. முப்பத்தாறில் ஒரு பங்கு மின்சாரத்தில், தட்டின்மேல் டியூப் லைட்டைவிட அதிக வெளிச்சம்!

மந்திரம் ஒன்றும் இல்லை. விளக்கு பக்கத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒயர் இல்லாததால் பக்கத்தில் வர முடிந்தது. பக்கத்தில் வந்ததால் ஒரு வாட் போதுமாயிற்று. ஒரு வாட் போதும் என்பதால் கைக்கு அடக்கமான பேட்டரியில் ஒரு ராத்திரி முழுக்க ஓடுகிறது. இதில் எந்த ஒன்றை உருவினாலும் மற்ற இரண்டும் விழுந்துவிடும். அதனால்தான் இந்தப் பொருள் முப்பது வருடங்களுக்கு முன்னால் இந்த வடிவத்தில் வர வழியே இல்லை. லித்தியம்-அயான் பேட்டரியை சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991இல். ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்இடியைச் செய்து காட்டியது 1993இல். அந்த நீலத்தின்மேல் பாஸ்பர் பூசித்தான் இன்றைய வெள்ளை எல்இடி. நீல எல்இடிக்கு 2014இலும் லித்தியம் பேட்டரிக்கு 2019இலும் நோபல் பரிசு கொடுத்தார்கள். இரண்டு நோபல் பரிசுகள் ஒரு சாப்பாட்டு மேசையில் ஊறுகாய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இன்னொன்றும் நடக்கிறது. அறை இருட்டாகவே இருக்க, மேசை மட்டும் வெளிச்சமாகிறது. கீழ்நோக்கி விழும் ஒளி மேசைவிரிப்பிலும் தட்டிலும் பட்டு மெதுவாக மேலே ஏறி எதிரில் இருப்பவர் முகத்தில் விழுகிறது. முகத்தில் நேரடியாக ஒளி அடிக்காததால் கண்ணுக்குக் கீழே நிழல் விழாது. வெள்ளை விரிப்பு இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். கறுப்பு கிரானைட் மேசையில் எவ்வளவு விலையுயர்ந்த விளக்கை வைத்தாலும் கல் ஒளியைக் குடித்துவிடும். தட்டு தெரியும், ஆள் தெரியமாட்டார்.

சரி, வடிவத்துக்கு வருவோம். மேசை விளக்கில் வடிவத்தின் முதல் வேலை ஒளி மூலத்தைக் கண்ணிலிருந்து மறைப்பது. அழகெல்லாம் அதற்கப்புறம்தான். இதை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர் டென்மார்க்கின் பௌல் ஹென்னிங்சன். பெட்ரோலிய விளக்கின் காலத்தில் வளர்ந்தவர், மின்விளக்கு வந்து கண்ணைக் கூசவைத்ததைப் பொறுக்காதவர். 1920களின் நடுவில் லூயி பௌல்சன் நிறுவனத்துக்காக அவர் வரைந்த மூன்றடுக்குக் குடை, பல்பு எந்தப் பக்கத்திலிருந்தும் நேராகக் கண்ணில் படாதபடி செய்தது. அதே நிறுவனத்துக்கு 1971இல் வெர்னர் பாந்தன் செய்தது பாந்தெல்லா. மேலே ஒரு அரைக்கோளக் குடை, கீழே எக்காளத்தின் வாயைக் கவிழ்த்து வைத்த மாதிரி விரிந்து இறங்கும் கால். குடை மட்டுமல்லாமல் காலும் ஒளியை வாங்கித் திருப்ப வேண்டும் என்பது அவருடைய எண்ணம். விளக்கின் கால் என்பது குடையைத் தாங்கும் குச்சி என்றே பழகியவர்களுக்கு அது புதுசு.

அந்தப் பாந்தெல்லா ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துச் சுருங்கி, ஒயரை உதறிவிட்டு வந்திருக்கிறது. குடையின் விட்டம் 16 செ.மீ. மூலத்தில் மேசை விளக்கின் குடை 40 செ.மீ. இந்தச் சுருக்கத்தில் என்ன ஆயிற்று என்று யாராவது எழுதியிருப்பார்கள் என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் பட்டதெல்லாம் குட்டியாக, அழகாக இருக்கிறது என்பதுதான். ஆனால் இது சும்மா அளவைக் குறைத்த விஷயம் இல்லை. விட்டம் இரண்டரையில் ஒரு பங்கானால் குடையின் பரப்பு ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே போய்விடும். பால் நிறத்தில் ஒளி ஊடுருவும் குடை என்றால், வெளிச்சம் முழுவதும் அந்தச் சின்னப் பரப்பிலிருந்துதான் வரவேண்டும். பெரிய குடை நிலாவைப் போலத் தெரியும். சின்னக் குடை, அளவைக் கூட்டி வைத்தால், பல்பு மாதிரியே தெரிய ஆரம்பிக்கும்.

அப்புறம் உயரம். சாப்பாட்டு மேசை 75 செ.மீ., உட்கார்ந்திருப்பவர் கண் தரையிலிருந்து 120 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கண் மேசைக்கு மேலே 45 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. விளக்கோ இருபத்து மூன்று, இருபத்து நான்கு செ.மீ.தான். ஆக நாம் விளக்கை எப்போதும் கொஞ்சம் மேலிருந்துதான் பார்க்கிறோம். நம் பார்வையில் படுவது குடையின் வெளிப்பக்கம் மட்டுமே. அது ஒளிரும் குடையாக இருந்தால் எதிரில் இருப்பவர் முகத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு ஒளிப்பந்து. ஒளி ஊடுருவாத குடையாக இருந்தால் ஒரு இருண்ட தொப்பி, அதன் கீழே வெளிச்சக் குளம். இதனால்தான் போர்ட்டபிள் பாந்தெல்லாவில் பால் நிறக் குடையைவிட உலோகக் குடை போட்டதே சாப்பாட்டு மேசைக்குச் சரி என்று நினைக்கிறேன். உலோகக் குடையில் ஒளி முழுக்கக் காலின்மேல் வழிகிறது. பாந்தன் அந்தக் காலை எதற்காக வரைந்தாரோ அந்த வேலை அங்கே தெளிவாகத் தெரிகிறது. பால் நிறக் குடை புத்தக அலமாரிக்கும் படுக்கைக்குப் பக்கத்து ஸ்டூலுக்கும் பொருத்தம்.

உணவகத்துக்காகவே பிறந்த விளக்கு ஒன்று உண்டு. லண்டன் டிசைன் மியூசியம் 2016இல் கென்சிங்டனுக்கு இடம் மாறியபோது அதன் உணவகத்துக்காக எட்வர்ட் பார்பர், ஜே ஆஸ்கர்பி இருவரும் வரைந்தது. பிறகு இத்தாலியின் ஃப்ளோஸ் அதை எல்லோருக்கும் விற்க எடுத்துக்கொண்டது. பெயர் பெல்ஹாப். ஹோட்டலில் பெட்டி தூக்கிச் செல்லும் பையனுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் அது. கட்டடத்துக்காக வரைந்த விளக்கு பிறகு வீடுகளுக்கு வருவது ஸ்காண்டிநேவியாவில் பழைய பழக்கம்தான். கோபன்ஹேகனில் 1960இல் திறந்த எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டலுக்காக ஆர்னே ஜேக்கப்சன் செய்த விளக்கு இன்றும் விற்பனையில் இருக்கிறது. பெல்ஹாப்பின் குடை ஒளி ஊடுருவாத பாலிகார்பனேட். ஒளி கீழே மட்டும் விழுகிறது. மேலே சொன்ன கணக்குக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. எனக்கு அதில் உள்ள ஒரே குறை, அதை எங்கே பிடித்துத் தூக்குவது என்பதை விளக்கு சொல்வதில்லை. கை தானாகக் குடைக்குத்தான் போகிறது.

கையை மறக்காதவர் ஸ்பெயினின் இன்மா பெர்முதெஸ். மார்செட் நிறுவனத்துக்காக 2014இல் அவர் செய்த ஃபாலோமீ விளக்கில் ஓக் மரத்தில் ஒரு கைப்பிடி உண்டு. பழைய காலத்து அரிக்கேனைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம், குடையைச் சாய்த்துத் திருப்பலாம். பார்க்க மற்றவை அளவுக்குச் சிற்பம் போல இருக்காது, கொஞ்சம் பொம்மைத்தனம்கூட உண்டு. ஆனால் எடுத்துச் செல்வதற்கென்றே செய்த பொருள் என்பதை வடிவத்திலேயே ஒப்புக்கொண்டது இந்தக் கூட்டத்தில் இதுதான். எனக்கு இதன்மேல் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, மறைக்கவில்லை.

ஐரோப்பிய நகரங்களின் திறந்தவெளி உணவகங்களில் அடிக்கடி கண்ணில் படுவது இன்னொன்று, இத்தாலியின் ஸஃபெரானோ நிறுவனத்தின் போல்டினா. ஒல்லியான தண்டு, உச்சியில் ஒரு சின்னக் கூம்புக் குடை, உயரம் 38 செ.மீ. உயரம் கூடக் கூடக் குடையின் வாய் கண் மட்டத்தை நெருங்குகிறது. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தவருக்கு உள்ளே இருக்கும் ஒளித்தட்டு தெரிந்துவிடுகிறது. ஆனால் உணவகத்துக்காரர்கள் ஏன் இதை விரும்புகிறார்கள் என்பது புரிகிறது. மேசையில் இடத்தை அடைக்காது, இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் வரிசையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்து கடைக்கே ஒரு களை கொடுக்கும், ராத்திரி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவந்து சார்ஜ் தட்டில் நிறுத்திவிட்டுப் போகலாம்.

போலிகளைப் பற்றி ஒரு பாரா போதும். இணையக் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் காளான் விளக்குகள் வெளிக்கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு உட்பக்கத்தை விட்டுவிடுகின்றன. குடைக்குள்ளே ஒளியைப் பரப்பும் தட்டு சரியாக இருக்காது, எல்இடி புள்ளிகள் அப்படியே தெரியும். மங்கவைத்தால் துடிக்கும். சோதிப்பது சுலபம்: விளக்கைக் குறைந்த அளவில் வைத்து அதற்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்க. ஒரே பென்சில் நாலைந்தாகப் பிரிந்து தெரிந்தால் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று பொருள்.

நல்ல விளக்குகளுக்கும் உள்ள ஒரு குறை, மங்கும்போது நிறம் மாறாதது. குண்டு பல்பை ரெகுலேட்டரில் குறைத்தால் இழையின் சூடு குறைந்து ஒளி சிவந்துகொண்டே போகும். சுடர் இன்னும் சிவப்பு, 1,900 கெல்வின் சுற்றி. நம் கண்ணுக்கு மங்கலான ஒளி என்றால் செவ்வொளி என்றே பழக்கம். பெரும்பாலான எல்இடி விளக்கு 2,700 கெல்வினில் ஆரம்பித்தால் கடைசி அளவு வரை 2,700 தான். குறைக்கக் குறைக்கச் சிவப்பதற்குப் பதிலாகச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது. மங்கும்போது சேர்ந்தே சிவக்கிற எல்இடி ஏற்பாடு சந்தையில் இருக்கிறது. இருநூறு யூரோ விளக்கில் அதை எதிர்பார்ப்பது பேராசை இல்லை.

ஜூனிசிரோ தானிசாகி 1933இல் எழுதிய நிழல்களைப் பற்றிய கட்டுரையில் க்யோட்டோவின் ஒரு பழைய உணவகம் வருகிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்காகவே பேர்போன அந்த இடத்தில், ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டதால் பழைய விளக்கின் வடிவத்தில் மின்விளக்கை வைத்துவிட்டார்கள். அவர் மெழுகுவர்த்தியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார், அந்தத் தடுமாறும் ஒளியில்தான் அரக்குப் பாத்திரத்தின் அழகு தெரிகிறது என்று உணர்கிறார். இன்றைய ரீசார்ஜ் விளக்கு அந்தச் சண்டையின் ஒரு சமரசம். இருட்டை விட்டுவைக்கிறது, சாப்பாட்டையும் காட்டுகிறது. மெழுகுவர்த்தி ஒன்று 45 செ.மீ. தூரத்தில் தருவது வெறும் 5 லக்ஸ்தான், மெனு கார்டு படிக்க முடியாது. ஆனால் மெழுகுவர்த்தியிடம் இருக்கும் ஒரு நாகரிகம் இந்த விளக்கிடம் இல்லை. இன்னும் எவ்வளவு நேரம் என்பதை மெழுகுவர்த்தி உயரத்தாலேயே சொல்லிவிடும். இந்தக் காளான்களில் பலவற்றுக்குக் கடைசி நிமிடத்தில் சிமிட்டுவதற்கு மேல் வேறு வழி தெரியாது.

இங்கேதான் விளக்கைத் திருப்ப வேண்டியிருக்கிறது.

இந்த அளவு விளக்குகளில் உள்ளே என்ன இருக்கும் என்று சுமாராகக் கணக்கிடலாம். 18650 என்ற செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். பழைய லேப்டாப் பேட்டரிகளில் வரிசையாக அடுக்கியிருந்தது இதைத்தான். 3.6 வோல்ட், 2,600 மில்லி ஆம்பியர்-மணி என்றால் ஒன்பது வாட்-மணிக்குச் சற்று அதிகம். ஒரு வாட் விளக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். கால் அளவில் வைத்தால் ஒரு நாளைத் தாண்டும். செல்லின் விலை சில நூறு ரூபாய்.

அந்தச் செல்லுக்கு ஆயுள் இருக்கிறது. முழுதாக ஏற்றி முழுதாக இறக்குவதை ஒரு சுற்று என்றால், சுமார் 500 சுற்றுகளில் கொள்ளளவு ஐந்தில் நாலு பங்காகக் குறையும் என்பது இந்த வகைக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. உணவகத்தில் தினம் ஒரு சுற்று. அப்படியானால் ஒன்றரை வருடத்துக்குள் ஐந்நூறு முடிந்துவிடுகிறது. வீட்டில் வாரம் ஒருமுறை சார்ஜ் போடுபவருக்குச் சுற்றுக் கணக்கில் பத்து வருடம் வரவேண்டும், ஆனால் வராது. லித்தியம் செல் சும்மா இருந்தாலும் மூப்படையும். முழு சார்ஜோடு வெயில் காலத்துச் சென்னை வீட்டில் இருந்தால் இன்னும் வேகமாக. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. விளக்கைச் சார்ஜ் இறங்கிய நிலையில் அலமாரியில் ஆறு மாதம் வைத்துவிட்டு ஊருக்குப் போனால், தொடும் பொத்தானுக்காக எப்போதும் விழித்திருக்கும் சிறு மின்சுற்று மிச்சத்தையும் உறிஞ்சிவிடும். வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனதும் பாதுகாப்புச் சுற்று செல்லைப் பூட்டிவிடும். திரும்பி வந்து சார்ஜ் போட்டால் எழுந்திருக்காது.

ஆக ஒரே பொருளுக்குள் இரண்டு ஆயுள்கள். பாந்தெல்லாவின் வடிவம் ஐம்பது வருடம் தாண்டியும் பழசாகவில்லை. 1971இல் வாங்கிய ஒயர் வைத்த விளக்கு இன்றும் புது பல்பு போட்டால் எரியும், ஒயர் இற்றுப்போனால் தெருமுனை எலக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுப்பார். அதே வடிவத்தை ஐந்தாறு வருட ஆயுள் உள்ள செல்லோடு கட்டிவிட்டு, காலத்தை வென்ற வடிவம் என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள். வடிவம் வெல்லும், சரி. அதற்குள் அடைத்த செல் வெல்லுமா? அதை மாற்ற வழி வைத்திருந்தால் கேள்வியே இல்லை. அடிமூடியில் திருகு இருந்தால், அந்தத் திருகு சாதாரண ஸ்க்ரூடிரைவருக்குக் கட்டுப்பட்டால், செல் பிளக்கில் சொருகியிருந்தால், மாற்று பேட்டரி கடையில் கிடைத்தால், இந்த விளக்கு இன்னொரு ஐம்பது வருடம் ஓடும். பசை போட்டு ஒட்டியிருந்தால் அது அழகான டார்ச் லைட், அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது எனக்கு நம் எமர்ஜென்சி லாம்ப் ஞாபகம் வருகிறது. 2008க்குப் பிறகு சில வருடங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு வாட்டியபோது வீட்டுக்கு வீடு இருந்ததே, அதுதான். பிளாஸ்டிக் பெட்டி, மேலே கைப்பிடி, முன்னால் ஒன்றோ இரண்டோ குட்டி டியூப், கரன்ட் போனதும் தானாக எரியும். ரீசார்ஜ் செய்யும், தூக்கிக்கொண்டு போகும் மேசை விளக்கு என்பது நமக்குப் புதுசே இல்லை. அதை அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள், வெளிச்சம் வெள்ளையாகக் கண்ணைக் குத்தும். ஆனால் உள்ளே 6 வோல்ட், 4 ஆம்பியர்-மணி சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரி, இரண்டு ஸ்பேட் கிளிப், பின்பக்கம் நாலு திருகு. பேட்டரி போனால் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் அதே அளவில் இன்னொன்று. கழற்றி மாட்டப் பத்து நிமிடம். பழைய பேட்டரியை எடைக்குப் போட்டுக் காசும் வாங்கலாம். டிசைனர் பெயர் இல்லாத அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் தன் பொருள் எங்கே, எப்படிக் கெடும் என்று தெரிந்து வடிவமைத்திருக்கிறார்.

நான் பிரித்துப் பார்த்த ஒரு மலிவுப் போலியிலும் இதேதான். அடியில் ரப்பர் வளையத்துக்குக் கீழே மூன்று திருகு, உள்ளே ஒற்றை 18650, இரண்டு ஒயர், ஒரு சின்ன வெள்ளைப் பிளக். வெளிச்சம் சகிக்காது, ஆனால் பேட்டரியை யாரும் மாற்றலாம். அசலில் வெளிச்சமும் போலியில் திருகும் இருப்பது என்ன நியாயமோ.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் விளக்குகளுக்கான ஒரு விதி 2021 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விளக்குக்குள் இருக்கும் ஒளி மூலத்தைச் சாதாரணக் கருவிகளால், உடைக்காமல் கழற்றி மாற்ற முடியவேண்டும், முடியாதென்றால் தொழில்நுட்பக் காரணம் காட்டவேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் அதன் விலக்குப் பட்டியலில் டார்ச், பொம்மை, தோட்டத்து சூரிய விளக்கு இவற்றோடு பேட்டரியில் மட்டும் ஓடும் மேசை விளக்கும் இருக்கிறது! சட்டம் எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்தது ஏதோ பத்து யூரோ விளக்காக இருக்கவேண்டும். சார்ஜருக்கான பொது விதியிலும் இதே கதை. 2024 டிசம்பர் முதல் போன், கேமரா, ஹெட்போன், ஸ்பீக்கர் என்று யூஎஸ்பி-சி கட்டாயமான பொருட்களின் பட்டியல் இருக்கிறது, அதில் விளக்கு இல்லை.

மாறப்போவது மூன்றாவது விதியால். 2023இல் வந்த பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்பனைக்கு வரும் பொருட்களில் உள்ள சிறு பேட்டரிகளை, பொருளை வாங்கியவரே கடையில் கிடைக்கும் கருவிகளால் கழற்றி மாற்ற முடியவேண்டும். சூடுபடுத்தியோ கரைப்பான் ஊற்றியோ பிரிக்கும்படி இருக்கக்கூடாது. ஒரு மாடலின் கடைசிப் பிரதி சந்தைக்கு வந்த பிறகும் ஐந்து வருடத்துக்கு மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும். இதிலும் ஒரு சந்து உண்டு. முக்கியமாகத் தண்ணீர் தெறிக்கும் இடங்களில் பயன்படும், கழுவத்தக்க பொருட்களில் பேட்டரியைத் தொழில்முறை ஆட்கள் மாற்றினால் போதும். மழைத்துளி தாங்கும் தோட்டத்து உணவக விளக்குகள் சில இந்தச் சந்தில் நுழையப் பார்க்கும் என்று என் ஊகம். நுழைய விடக்கூடாது. சாரல் தாங்குவதும் குழாயடியில் கழுவுவதும் ஒன்றல்ல. இந்தியாவில் 2022இன் பேட்டரிக் கழிவு விதிகள், பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. அது வேறு விஷயம். விளக்கைப் பிரிக்க முடிந்தால்தானே பேட்டரி தனியாகக் கைக்கு வரும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். நிறுவனங்கள் சும்மா சோம்பேறித்தனத்தால் மூடி ஒட்டுவதில்லை. தரமில்லாத செல்லை யாராவது போட்டுத் தீப்பிடித்தால் பழி அவர்களுக்கு வரும். அடியில் கனம் இல்லாவிட்டால் விளக்கு சாயும், திருகுக்கு இடம் விட்டால் தடிமன் கூடும், தண்ணீர் இறங்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் இவை எல்லாமே வடிவமைப்புச் சிக்கல்கள். பல்பு கண்ணில் படாமல் ஒளி வரவேண்டும் என்பதும் ஒரு காலத்தில் இப்படியான சிக்கல்தான், அதற்கு ஹென்னிங்சன் பல வருடம் குடையின் வளைவை வரைந்து வரைந்து பார்த்தார். அடிமூடிக்கு அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

2027 விதி அதற்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்டவற்றைத் தொடாது. ஆகவே அதற்கு முன் செய்த மாடல்கள் தள்ளுபடியில் நம் பக்கமும் வந்துகொண்டிருக்கும். வாங்க நினைப்பவர்கள் குடையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் விளக்கைக் கவிழ்த்துத் திருகு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்க. மாற்று பேட்டரி தனியாக விற்பனைக்கு இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்க. நான் இந்தக் கேள்வியைச் சென்னையில் ஒரு பெரிய விளக்குக் கடையில் கேட்டேன். விற்பனையாளர் நல்ல பையன், கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார், உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டும் வந்தார். "பேட்டரி தனியா வராது சார். அது போறதுக்குள்ள புது மாடல் வந்துடும், எக்ஸ்சேஞ்ச்ல பாத்துக்கலாம்" என்றார்.